கார்விங்குக்கு நீளமான பலகைதான் வேண்டுமா?

கேள்வி – ஜனவரி 11

லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, வாங்கப் போகிறேன். வேகமும் வேண்டாம், துள்ளிக் குதிக்கும் வித்தையும் வேண்டாம். இடமும் வலமும் சாய்ந்து, வளைந்து வளைந்து போக வேண்டும். பலகை எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாகக் கார்விங் வரும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 46 அங்குலப் பின்டெயில் (வால் கூராகக் குறுகும் பலகை) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். என் எடை 62 கிலோ. வாங்கலாமா?

ஜனவரி 11, இரவு

நீளத்தை விட்டுவிடுங்கள். வளைவைத் தீர்மானிப்பது பலகையின் மொத்த நீளம் இல்லை, இரண்டு டிரக்குகளுக்கும் நடுவே உள்ள தூரம். அதைத்தான் வீல்பேஸ் என்கிறோம். டிரக் என்பது சக்கரங்களைத் தாங்கி, பலகை சாயும்போது அவற்றைத் திருப்பும் உலோகப் பாகம்; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் டிரக்கின் உள்பக்கத் துளையிலிருந்து பின் டிரக்கின் உள்பக்கத் துளை வரை அளப்பார்கள். 46 அங்குலப் பலகையில் மூக்கும் வாலும் நீண்டு வீல்பேஸ் குறைவாக இருக்கலாம். 38 அங்குலப் பலகையில் டிரக்குகள் இரண்டு ஓரத்துக்கும் போய் வீல்பேஸ் அதிகமாகவும் இருக்கலாம்.

ஆனால் வீல்பேஸ்கூட இரண்டாம் பட்சம்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டிரக் கோணத்தின் (டிரக்கின் திருப்பும் அச்சு பலகையோடு சாய்ந்திருக்கும் கோணம்) டேன் மதிப்பைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்பதன் டேன் மதிப்பு கிடைக்கும். முன்னும் பின்னும் 50 டிகிரி டிரக், அச்சுக்கு அச்சு 71 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலகையை 15 டிகிரி சாய்த்தால் நீங்கள் போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 115 செ.மீ. அச்சு தூரத்தை 61 செ.மீ. ஆகக் குறைத்தால் 99. 81 ஆகக் கூட்டினால் 131.

இப்போது தூரத்தை அதே 71-இல் வைத்து, சாய்வை மட்டும் 15-இலிருந்து 8 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். ஆரம் 214 செ.மீ. ஆகிவிடுகிறது.

எட்டு அங்குலம் பெரிய பலகை வாங்கினாலும் சின்னது வாங்கினாலும் வித்தியாசம் முப்பது செ.மீ. சொச்சம்தான். பலகை சாயாமல் முரண்டு பிடித்தால் வித்தியாசம் ஒரு மீட்டர். அந்தச் சாய்வை விடுவதும் தடுப்பதும் டிரக்குக்குள் இருக்கும் புஷிங் என்கிற சின்ன யூரித்தேன் உருளை. கார்விங் பலகையில் முதலில் யோசிக்க வேண்டியது அது. பலகையைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

ஜனவரி 12

"அப்படியென்றால் எந்தப் பலகை வாங்கினாலும் ஒன்றுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நான் சொன்னது வரிசையை: புஷிங், டிரக், சக்கரம், பலகை. கடையில் பலகையின் அடியில் இருக்கும் ஓவியத்தில்தான் கண் முதலில் போகும். எனக்கும் பிடிக்கும், ஓவியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகையைத் திருப்பி ஓவியத்தைப் பார்க்கும்போதே டிரக்கையும் பார்த்துவிடுங்கள்.

டிரக்கில் இரண்டு சாதி. சாதாரண ஸ்கேட்போர்டில் இருப்பதில் கிங்பின் (டிரக்கின் நடுவில் ஓடும் பெரிய போல்ட்) பலகையின் நடுவை நோக்கி இருக்கும். லாங்போர்டுக்கென்று வருவதில் கிங்பின் வெளிப்பக்கம், மூக்கையும் வாலையும் நோக்கி இருக்கும். ரிவர்ஸ் கிங்பின் என்பது இதுதான். கார்விங்குக்கு இதை எடுங்கள். திருப்பம் திடீரென்று விழாமல், சாயச் சாயச் சீராகக் கூடிக்கொண்டே போகும். பாரிஸ், கேலிபர், ரேண்டல் என்று பெயர் எதுவானாலும் 180 மி.மீ. ஹேங்கர் (அச்சைத் தாங்கி ஆடும் பாகம்), 50 டிகிரி பேஸ்பிளேட் (பலகையில் பொருத்தும் அடித்தட்டு) என்று பார்த்து வாங்கினால் தொடங்குவதற்கு நல்ல இடம். 180 மி.மீ. ஹேங்கரில் அச்சின் முழு அகலம் ஏறத்தாழ 10 அங்குலம் வரும். 9-இலிருந்து 10 அங்குல அகலப் பலகைக்கு அது பொருந்தும்.

ஜனவரி 12, மாலை

மேல்பதிப்பா, டிராப்த்ரூவா என்ற கேள்வி வரும் முன்பே சொல்லிவிடுகிறேன். டிரக் பலகைக்கு அடியில் இருந்தால் மேல்பதிப்பு. பலகையில் வெட்டிய துளை வழியாக மேலே ஏறி உட்கார்ந்தால் டிராப்த்ரூ. கார்விங்குக்கு நான் மேல்பதிப்பின் பக்கம். கால் உயரத்தில் இருப்பதால் ஓரத்தை அழுத்த நெம்புகோல் விசை கூடுதலாகக் கிடைக்கிறது, சக்கரமும் தரையை நன்றாகக் கடிக்கிறது.

ஜனவரி 15

புஷிங். இதைத்தான் நீளமாக எழுத நினைத்தேன்.

ஒவ்வொரு டிரக்கிலும் இரண்டு புஷிங். ஹேங்கருக்கும் பேஸ்பிளேட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைப் பக்கப் புஷிங். ஹேங்கருக்கு வெளியே, நட்டுக்குக் கீழே இருப்பது சாலைப் பக்கப் புஷிங். எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது பலகைப் பக்கம். திருப்பத்தின் சுபாவத்தை மாற்றுவதற்கு எளிது சாலைப் பக்கம்.

வடிவம்: உருண்ட பீப்பாய், குறுகும் கூம்பு. இரண்டும் பீப்பாய் என்றால் சாய்வுக்கு எதிர்ப்பு சீராக இருக்கும், சாய்ந்த பிறகு பலகை உங்களைத் தூக்கி நிமிர்த்தும். பலகைப் பக்கம் பீப்பாயும் சாலைப் பக்கம் கூம்பும் என்றால் ஆழமாகச் சாயலாம், ஆனால் நிமிர்த்தும் வேகம் குறையும். மெதுவாக, அகலமில்லாத பாதையில் நெளிந்து போக இரண்டாவது நல்லது. சரிவில் நீண்ட வளைவுகள் போட முதலாவது.

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 78ஏ மிக மென்மை, 97ஏ கல் மாதிரி. டிரக்கோடு கூடவே வரும் புஷிங் பெரும்பாலும் 90ஏ பக்கம் இருக்கும், அதாவது உங்களைவிட நிறைய எடையுள்ள ஒருவருக்குச் சரியாக இருக்கும். 62 கிலோ என்றீர்கள். பலகைப் பக்கம் 83 அல்லது 85ஏ, சாலைப் பக்கம் 80ஏ சுற்றி எடுத்துத் தொடங்குங்கள். 80 கிலோவைத் தாண்டியவர்கள் 87–90ஏ. 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் 78ஏ-க்குத் தயங்காமல் போகலாம். இவை தொடங்கும் இடம் மட்டும்தான். கால் சொல்வதைக் கேட்டு ஒரு படி ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள்.

அப்புறம், பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பலகை தளர்வாக இருக்கிறது என்று தோன்றினால் கிங்பின் நட்டை முறுக்குவார்கள், இறுக்கமாக இருந்தால் தளர்த்துவார்கள். நட்டு அந்த வேலைக்கு இல்லை. வாஷர் விரலால் சுற்ற முடியாத அளவுக்கு முறுக்கி, அதிலிருந்து அரைச் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று. அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்க வேண்டியிருந்தால் புஷிங் மென்மை, அடுத்த கடினத்துக்குப் போங்கள். முறுக்கிப் பிதுங்கிய புஷிங் ஏற்கெனவே பாதி நசுங்கிவிட்டது; நீங்கள் சாயும்போது நசுங்க அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. நேராக நிற்கும்போது திடமாகத் தோன்றும், கொஞ்சம் சாய்ந்ததும் சுவரில் முட்டியது போல நின்றுவிடும்.

சரியாக இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒருவரைப் பலகையின் ஓரத்தில் ஏறி நிற்கச் சொல்லி, நீங்கள் குனிந்து டிரக்கைப் பாருங்கள். சாயும் பக்கத்தில் புஷிங்கின் வயிறு வாஷரின் விளிம்பைத் தாண்டி மெல்லப் புடைக்க வேண்டும். புடைக்கவே இல்லை என்றால் கடினம். வாஷரின் விளிம்பு யூரித்தேனை வெட்டுகிற அளவுக்குப் பிதுங்கினால் மென்மை. அப்படியே ஓட்டினால் சில வாரத்தில் டிரக்கின் இடுக்கில் நிறத்தூளாக உதிர்ந்து கிடக்கும்.

ஜனவரி 16

நேற்று வாஷரைப் பற்றிச் சொன்னேன், பாதிதான் சொன்னேன். வாஷரிலும் இரண்டு உண்டு. கிண்ண வாஷர் புஷிங்கின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து அதை அடக்கி வைக்கும். தட்டை வாஷர் விட்டுவிடும். புஷிங் மாற்றிய பிறகும் கொஞ்சம் கூடுதல் சாய்வு வேண்டும் என்றால், சாலைப் பக்கத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டை போட்டுப் பாருங்கள். கையிருப்பில் தட்டை வாஷர் இருந்தால் புஷிங் வாங்கும் முன்பே செய்து பார்க்கத் தக்க மாற்றம் இது.

புதுப் புஷிங் முதல் சில நாள் விறைப்பாகத்தான் இருக்கும். பழகியதும் இளகும். குளிரிலும் யூரித்தேன் விறைக்கும். ஒரே பலகை காலையில் பிடிவாதமாகவும் மதியத்தில் இணக்கமாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஜனவரி 19

சக்கரம். 70 மி.மீ., 78ஏ அல்லது 80ஏ, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். விளிம்பு உருண்ட சக்கரங்கள் வழுக்கிச் செல்வதற்கென்று செய்தவை. கார்விங்கில் வளைவின் உச்சியில் காலை ஊன்றும்போது சக்கரம் நகர்ந்துவிடக் கூடாது. தரையோடு ஒட்டும் பரப்பும் அகலமாக இருக்கட்டும். பேரிங் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, உள்பக்கம் தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் உட்கார்ந்த சக்கரம் விளிம்பில் நன்றாகப் பிடிக்கும், கார்விங்குக்கு அது நல்லது. உள்பக்கம் தள்ளியது எளிதாக வழுக்கும்.

பிராண்டுக்குப் பிராண்டு நிறம் வேறு அர்த்தம் தரும். ஒராங்கட்டாங்கில் ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ, மஞ்சள் 86ஏ. இன்னொருவருடைய சக்கரத்தில் மஞ்சளைப் பார்த்து அதே கடினம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்.

சக்கரம் பெரிதாக ஆகச் சிறு கல்லைத் தாண்டும், உருளும் வேகம் தாங்கும். ஆனால் ஆழ்ந்து சாயும்போது பலகையின் அடியில் முட்டும். அதுதான் வீல்பைட். ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் முட்டினால் பலகை அந்த இடத்திலேயே நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். வெளியே எடுத்துப் போகும் முன்பு நான்கு சக்கரத்தின் மேலும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, பலகையின் இரு ஓரத்திலும் மாறி மாறி முழு எடையோடு ஏறி நின்று பாருங்கள். அடியில் வெள்ளைக் கோடு விழுந்தால் ரைசர் வேண்டும், அதாவது பலகைக்கும் டிரக்குக்கும் நடுவே உயரத்துக்காக வைக்கும் தட்டு. அரைக்கால் அங்குல ரைசரில் தொடங்கி, போதவில்லை என்றால் கால் அங்குலம். ரைசர் ஏற ஏற போல்ட்டும் நீளமாக வேண்டும். நட்டுக்கு மேலே மரை ஒன்றிரண்டு சுற்றாவது தெரிய வேண்டும்.

ஜனவரி 20

பேரிங் பற்றிக் கேட்ட நண்பருக்கு: எல்லாம் 608 அளவுதான். உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7. ஏபெக் எண்ணுக்காக (பேரிங்கின் துல்லியத்தைச் சொல்லும் தர எண்) கூடுதல் செலவு செய்ய வேண்டாம். 70 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் பேரிங் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று சுற்றுகிறது. இந்த அளவு பேரிங்குக்கு அது நடைப்பயிற்சி. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற சின்னக் குழாய், வெளியே ஸ்பீட் ரிங் என்ற மெல்லிய வளையம், இவை விடுபடாமல் போடுங்கள். வளைவில் பக்கவாட்டுச் சுமையைத் தாங்க உதவுவது அவைதான்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார்: "38 அங்குல மேல்பதிப்பு வாங்கினேன். நீங்கள் சொன்ன புஷிங் போட்டேன். விரல் பக்கம் அருமையாகத் திரும்புகிறது, குதிகால் பக்கம் பாதிதான் திரும்புகிறது. டிரக் கோளாறா, என் கோளாறா?"

நல்ல கேள்வி, பலருக்கும் வரும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இந்த விஷயத்தில் சில சமயம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும், அதனால் உங்களையே குறை சொல்லிக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பலகையைத் தலைகீழாக இல்லை, முன்பின்னாகத் திருப்பி, வால் முன்னே வரும்படி வைத்து அதே இடத்தில் ஓட்டுங்கள். குதிகால் பக்கமே இன்னும் மந்தமாக இருந்தால் கோளாறு பாதம் நிற்கும் இடத்தில். மந்தம் விரல் பக்கத்துக்கு மாறிவிட்டால் கோளாறு பலகையில்: ஒரு புஷிங் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும், அல்லது பிவட் கப் (ஹேங்கரின் முனை பேஸ்பிளேட்டில் உட்காரும் சின்னக் கிண்ணம்) ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

ஜனவரி 28

சோதித்துவிட்டாராம். குதிகால் பக்கமே மந்தம். சரி, அப்படியென்றால் பாதம்.

பாதத்தை நாம் பலகையின் நடுவில் வைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் விரல்கள் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும், குதிகால் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். விரல் பக்கம் கணுக்கால் வளைந்து அழுத்தும், கெண்டைக்கால் தசை முழுதும் உதவிக்கு வரும். குதிகால் பக்கம் அந்தத் தசை இல்லை. அங்கே எடையை உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு பாதங்களையும் ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தி, குதிகால் பலகையின் ஓரத்தை உணரும்படி நில்லுங்கள். குதிகால் பக்க வளைவில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். முன் தோள் திரும்பும் திசையைக் காட்ட வேண்டும், பார்வை அதற்கும் முன்னால் போய்விட வேண்டும்.

வளைவு பாதத்தில் தொடங்குவதில்லை. கண், தோள், இடுப்பு, முழங்கால், கடைசியில் கணுக்கால். கணுக்காலில் தொடங்குகிறவர்கள் பலகையை ஆட்டுகிறார்கள். கண்ணில் தொடங்குகிறவர்கள் வளைகிறார்கள்.

பிப்ரவரி 2

மேல்பதிப்பின் பக்கம் என்று ஜனவரி 12-இல் எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். கார்விங் மட்டும் என்றால் இன்றும் அதையே சொல்வேன். ஆனால் தினமும் சமதளத்தில் நீண்ட தூரம் காலால் உந்திப் போகிறவர்களுக்கு அது நியாயமான பதில் இல்லை. தரையை எட்ட ஒவ்வொரு முறையும் மற்ற முழங்காலை மடக்க வேண்டும். உயரம் இரண்டு செ.மீ. குறைந்தாலே தொடை நன்றி சொல்லும். டிராப்த்ரூவில் சக்கரத்துக்கு மேலே மரமே வராதபடி வெட்டியிருப்பதால் வீல்பைட் பயமும் பெரும்பாலும் இல்லை, மென்மையான புஷிங்கைத் தாராளமாகப் போடலாம். நெம்புகோலில் இழப்பதைப் புஷிங்கில் மீட்டுக்கொள்ளலாம். உந்துவது பாதி, வளைவது பாதி என்றால் டிராப்த்ரூ எடுங்கள்.

வளையும் பலகைகளைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். மூங்கிலும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்த பலகைகள், லோடட் நிறுவனம் செய்வது போன்றவை, மேலே நின்றால் தாழ்ந்து எழும். வளைவின் அடியில் அழுத்தி, வெளியே வரும்போது அது தூக்கிவிடுவதை ஒரு தடவை அனுபவித்தால் விட மனம் வராது. ஆனால் உங்கள் எடைக்கு உரிய வளைவைத்தான் எடுக்க வேண்டும். லோடட் வேன்கார்டு ஒரே வடிவத்தில் எடைக்கேற்பப் பல விறைப்புகளில் வந்தது இதனால்தான். எடைக்கு மிஞ்சி வளையும் பலகை திருப்பத்தைத் தாமதமாக்கும்: நீங்கள் அழுத்துகிறீர்கள், பலகை வளைகிறது, அதற்குப் பிறகுதான் டிரக் சாய்கிறது.

பிப்ரவரி 3

"முன்னுக்கு 50, பின்னுக்குக் குறைந்த கோணம் என்கிறார்களே, அது கார்விங்குக்கு ஆகுமா?"

ஆகும், ஆனால் வளைவின் உருவம் மாறும். ஜனவரி 11-இல் போட்ட அதே கணக்கு, அதே 15 டிகிரி சாய்வு, 71 செ.மீ. இரண்டும் 50 என்றால் ஆரம் 115. பின்னால் 43 வைத்தால் 129. பின்னால் 20 வைத்தால் 176. சமக் கோணத்தில் பலகை தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்புவது போல் இருக்கும், முன்னும் பின்னும் ஒரே தடத்தில் போகும். பின் கோணம் குறைந்தால் பின் சக்கரம் நங்கூரம் போட்டு, முன்பக்கம் மட்டும் வழிநடத்தும். நின்ற இடத்திலிருந்து காலைக் கீழே வைக்காமல் உடலை ஆட்டியே வேகமெடுக்கும் பம்பிங் இதில் எளிது. சரிவில் பயமும் குறைவு.

தொடக்கத்தில் 50/50 வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பிடித்த பிறகு பின்னால் 43. டிரக் மாற்றாமலே சின்ன அளவில் முயல ஆப்பு ரைசர் போதும். ஆப்பின் தடித்த பக்கம் எங்கே வர வேண்டும் என்று குழம்பினால், போல்ட்டை லேசாக மட்டும் முறுக்கி, பலகையைக் கையால் சாய்த்துப் பாருங்கள். முன்பைவிடச் சக்கரம் கூடுதலாகத் திரும்பினால் கோணம் ஏறியிருக்கிறது, குறைந்தால் இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 4

பேச்சு ஸர்ப்ஸ்கேட் (அலைச்சறுக்குப் பலகை போலத் திரும்பும் ஸ்கேட்போர்டு) பக்கம் போய்விட்டது, எனக்கு மகிழ்ச்சிதான். அதைச் செய்யும் கார்வர் நிறுவனம் 1990களில் கலிபோர்னியாவின் வெனிஸில் பிறந்தது. அலை இல்லாத நாளில் கடலில் திரும்புவது போலவே தரையிலும் திரும்ப வேண்டும் என்ற ஆசைதான் அதன் விதை. அவர்களுடைய சி7 முன் டிரக்கில் ஸ்பிரிங் வைத்த ஆடும் கை உண்டு. பின் டிரக் சாதாரணமாக இருக்கும். தள்ளாமலே ஓடும், சின்ன இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் சரிவில் வேகமாக ஓட்ட அது செய்யப்படவில்லை. அதை லாங்போர்டோடு ஒப்பிட்டு எது மேல் என்று கேட்பதில் பயனில்லை. பத்தடி அகல இடம்தான் இருக்கிறது என்றால் ஸர்ப்ஸ்கேட். நீண்ட பாதையும் மெல்லிய சரிவும் இருந்தால் லாங்போர்டு.

இந்த ஆசை பழையது. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரத்தைக் கேடிலாக் என்ற பெயரில் ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவரும் வரை, ஓட்டியது களிமண் கலவைச் சக்கரத்தில். அது தரையைப் பிடிக்காது, சாய்ந்தால் வழுக்கும். பிடிப்பு வந்த பிறகுதான் ஆழமாகச் சாயும் துணிச்சலும் வந்தது. ஹவாயின் லேரி பெர்டில்மன் அலையின் மேல் தாழ்ந்து குந்தித் திரும்பிய பாணியைப் பார்த்து, பலகைக்காரர்கள் தரையில் கையை ஊன்றித் திரும்பினார்கள். அந்தத் திருப்பத்துக்கு இன்றும் பெர்ட் என்றுதான் பெயர். நாம் 78ஏ-வா 80ஏ-வா என்று பேசிக்கொண்டிருப்பதெல்லாம் அந்தச் சக்கரம் போட்ட பாதை.

பிப்ரவரி 9

புதிதாக வந்த ஒருவர்: சரிவில் பலகை தானாக உதறத் தொடங்கியதாம். குதித்துத் தப்பித்திருக்கிறார், நல்லவேளை.

உதறலுக்குப் பெரும்பாலான காரணம் எடை பின்காலில் இருப்பது. பயம் வந்தால் உடல் தானாகப் பின்னுக்குச் சாயும். அப்போது பின் டிரக் வண்டியை ஓட்டத் தொடங்குகிறது, பின்னாலிருந்து ஓட்டினால் எந்த வண்டியும் உதறும். எடையில் பெரும்பகுதியை முன்காலில் வையுங்கள், முழங்காலை மடக்குங்கள், கணுக்காலை விறைக்காதீர்கள். விறைத்த கணுக்கால் ஒவ்வொரு உதறலையும் வாங்கி அடுத்த பக்கம் திருப்பி அனுப்பும். உபகரணத்தில் செய்வது என்றால் பின் டிரக்கில் மட்டும் புஷிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். முன்னால் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. வளைந்தால் வேகம் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். வளைவை முடித்தால்தான் குறையும். சரிவுக்குக் குறுக்காக, முடிந்தால் கொஞ்சம் மேல்நோக்கி மூக்கு திரும்பும் வரை வளைவைப் பிடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டு அடுத்த பக்கம் சாய்ந்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தக் கற்காமல் சரிவுக்குப் போகவே கூடாது. தலைக்கவசம் பற்றி நான் பேரம் பேசுவதில்லை.

பிப்ரவரி 10

டிரக் கீச்கீச்சென்று கத்துகிறது என்றவருக்கு: பிவட் கப். ஹேங்கரைக் கழற்றி, சோப்புக் கட்டியைச் சுரண்டிக் கொஞ்சம் தூளைக் கப்புக்குள் போட்டு மூடுங்கள். எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்து ஒட்டவைக்கும்.

கருவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று அளவு ஸ்பானர் போதும்: கிங்பின் நட்டுக்கு 9/16 அங்குலம், அச்சு நட்டுக்கு அரை அங்குலம், பலகை போல்ட்டின் நட்டுக்கு 3/8. மூன்றும் ஒரே கையடக்கக் கருவியில் வருகின்றன. அச்சு நட்டைச் சக்கரம் தடையின்றிச் சுழலும் வரை, ஆனால் பக்கவாட்டில் சொற்பமாகவும் ஆடாதபடி முறுக்குங்கள்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் மறுபடி: "குதிகால் பக்கம் சரியாகிவிட்டது. இப்போது 75 மி.மீ. சக்கரம் ஆசையாக இருக்கிறது. போடலாமா?"

உங்கள் பலகையின் அடியில் சக்கரத்துக்கு நேரே குழி வெட்டியிருக்கிறதா? இருந்தால் கால் அங்குல ரைசரோடு போடுங்கள், சுண்ணக்கட்டிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். குழி இல்லை என்றால் வேண்டாம். 75-க்கு இடம் கொடுக்க ரைசரை அடுக்குவீர்கள், உயரம் ஏறும், அதை அடக்க நட்டை முறுக்குவீர்கள், பிறகு 62 கிலோவுக்குத் தேடித் தேடிப் போட்ட புஷிங் வீணாகும். நீங்கள் ஓட்டுவது வழுவழுப்பான பாதை என்று முன்பு சொன்ன நினைவு. 70-இலேயே இருங்கள். அந்தச் செலவில் சாலைப் பக்கத்துக்கு 78ஏ கூம்பு ஒரு ஜோடி வாங்கி, முன் டிரக்கில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.